குசினிப் பக்கத்துக் கிளை

இந்த முறை றஹீமா வீட்டு மாதுளையில் பத்துப் பை கட்டியிருந்தது. எண்ணிப் பார்த்தது நான்தான். அதற்காக என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கிற கல் மதிலை ஒட்டி இருக்கிறது. அதில் ஏறி நின்றால்தான் கொடிக்கு என் கை எட்டும். ஏறி நின்றால் கண் அந்தப் பக்கம் போகாமல் வேறு எங்கே போகும்? இரண்டு பேர் இருக்கிற வீட்டில் நாளுக்கு நாலு தரம் காயப்போட என்ன உடுப்பு இருக்கிறது என்று என் மனுசன் அன்ரனி கேட்பார். ஆம்பிளைகளுக்கு வெயில் வீணாகிறது தெரிவதில்லை.

மன்னாரில் வேறு வீடுகளிலும் மாதுளை நிற்கிறது. பை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டாவிட்டால் அணிலும் வௌவாலும் விட்டுவைக்காது. ஆனால் பையில் பெயர் எழுதிக் கட்டுகிறது, எனக்குத் தெரிய, அந்த வீட்டில் மட்டும்தான். பிஞ்சு எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்ததும் றஹீமா தன் புருசன் மீராசாஹிபு உடுத்துப் பழசான வெள்ளைச் சாரத்தைக் கிழித்துப் பை தைப்பாள். பன்னிரண்டு வயதுப் பேத்தி றிம்ஷா ஒவ்வொரு பையிலும் கறுப்புப் பேனையால் தடிப்பாக ஒரு பெயர் எழுதுவாள். அஸ்மி, றுஸ்தி, ஷப்னா என்று பிள்ளைகள் மூவர். பிறகு மருமக்கள், பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு வருசமும் ஒரு பையில் 'இமெல்டா' என்று என் பெயரும் இருக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் பெயர் கிடைக்கிற ஒரே ஆள் நான்.

பெயர் எழுதின பழத்தை யாரிடமும் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். பெயருக்குரியவர் வீட்டுக்கு வரவேண்டும். வெள்ளைத் துணி விரித்த பாயில் இருந்து, முழுப் பழத்தையும் தானே சாப்பிட்டு முடிக்கவேண்டும். ஒவ்வொரு மாதுளம்பழத்திலும் ஒரு முத்து சுவர்க்கத்திலிருந்து வந்தது, அது எந்த முத்து என்று தெரியாது, ஆகவே ஒன்றும் சிந்தக்கூடாது, பங்கு போடவும் கூடாது என்று றஹீமாவின் உம்மா சொல்லுவாவாம். அதனால் பையில் பெயர் இருந்தால் 'வா' என்று அர்த்தம். பெயர் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் இப்போது யார் யாரோடு முகம் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு, கச்சான் காற்றில் பைகள் சுழலச் சுழல, கல்லில் நின்றபடியே வாசித்துச் சொல்லிவிடுவேன். இருபத்தெட்டு வருசம் தபால் கந்தோரில் பெயர் வாசித்துச் சம்பளம் எடுத்தவள் நான். ஒரு வருசம் றுஸ்தியின் பெண்சாதி பெயர் விடுபட்டதை அவளுக்கு முன்னமே கண்டுபிடித்தது நான்தான். அவள் ஒரு மாதம் தாய் வீட்டில் போய் இருந்ததற்கு நான் பொறுப்பில்லை.

கதீஜாவின் பெயர் ஐந்து வருசமாக மரத்தில் இல்லை. கதீஜா றஹீமாவின் ஒரே தங்கச்சி; அக்காவை ராத்தா என்பாள். முசலியில் கலியாணம் முடித்து அங்கேயே இருக்கிறவள். ஷப்னாவின் கலியாண வீட்டில் வந்த பிரச்சினை அது. அவர்களுடைய விருந்தில் ஆறு பேருக்கு ஒரு சஹன் வைப்பார்கள். ஒரே பெரிய தட்டு, சுற்றி இருந்து கை போட்டுச் சாப்பிட வேண்டியதுதான். கொழும்பிலிருந்து வந்த மாப்பிள்ளை பகுதியை முதல் பந்தியில் இருத்திவிட்டு, கூடப்பிறந்தவள்தானே, பொறுப்பாள் என்று கதீஜாவைக் கடைசிப் பந்திக்கு விட்டாள் றஹீமா. கடைசிச் சஹனுக்கு இறைச்சி முடிந்துபோய் உருளைக்கிழங்கும் குழம்பும்தான் வந்தது. கதீஜா ஒரு பிடி சோறும் வாயில் வைக்கவில்லை. கையைக் கழுவினாள், செருப்பைப் போட்டாள், மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டாள். நான் முதல் பந்தி. எனக்கு இரண்டு துண்டு கிடைத்தது.

ஒரு துண்டு இறைச்சிக்கு ஐந்து வருசக் கோபமா என்று தெரு சிரித்தது. தெருவைச் சிரிக்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. இளையவள் அவதானே, அவ வரட்டும் என்று இவள் இருந்தாள். மூத்தவ கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். பெருநாள்களும் கலியாணங்களும் இரண்டு மௌத்து வீடும் அப்படியே போயின.

மடு மாதா திருவிழா முடிந்து நான் வீடு திரும்பிய வாரம், புதன்கிழமை, கதீஜா எனக்குப் போன் எடுத்தாள். நத்தார் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்ல மட்டும் எடுக்கிறவள். முதலில் என் முழங்கால் எப்படி என்று கேட்டாள். பிறகு அன்ரனியின் சீனி வருத்தம். பிறகு, கத்தாரில் இருக்கிற மகளுக்கு இரண்டாவது பிள்ளை கிடைக்கப் போகிறது, அடுத்த புதன்கிழமை பின்னேரம் தானும் அங்கே போகிறேன் என்றாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளைகளைத் தான்தான் பார்க்கவேண்டும். எத்தனை வருசம் என்று தெரியாது. வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். இத்தனையும் சொல்லி முடித்து, கடைசியில், அங்கே காற்று எப்படி என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"ராத்தாட மாதுளை இந்தமுறை காய்ச்சதோ, அக்கா?"

நல்லாய்க் காய்த்திருக்கிறது, பையும் கட்டியாயிற்று என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கோழி கொக்கரித்தது மட்டும் கேட்டது.

"ஆர் ஆற்ற பேர் கிடக்கு?"

எனக்கு விளங்கிவிட்டது. ஒருக்காப் பொறுங்கோ என்று போனைக் காதில் வைத்தபடியே கல்லில் ஏறினேன். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பையாகத் திரும்பத் திரும்ப, கோயிலில் மன்றாட்டு வாசிக்கிறவள் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பத்துப் பெயர். ஷப்னாவுக்குப் பிறந்து நாலு மாதமான குழந்தைக்கும் ஒன்று இருந்தது. "பல்லு முளைக்காத பிள்ளைக்கும் கட்டியிருக்கினம்" என்று நான் கூட்டியும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லும்போது நாக்குக்கு ஒரு உருசி இருந்தது. இனி அதை மறைத்து என்ன?

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான், கதீஜா. உங்கட பேரைக் காணேல்லை."

"நான் அதுக்குக் கேக்கேல்லை. சும்மா கேட்டனான்" என்றாள். பிறகு முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்றைக்குப் பின்னேரமே மூன்று வீட்டில் இதைச் சொன்னேன். தங்கச்சி கடல் கடந்து போகிறாள், மூத்தவள் ஒரு பழம் கட்ட மனமில்லாமல் இருக்கிறாள் என்று. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து உச்சுக்கொட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன்.

சனிக்கிழமை றஹீமா மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள். என் பழம் பழுத்துவிட்டதாம். வழக்கமாக முன் விறாந்தையில்தான் பாய் போடுவாள். அன்று கச்சான் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்ததால் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், போட்டிருந்தாள். இத்தனை வருசத்தில் அந்தக் குசினிக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம்.

பழத்தைக் காதோடு பிடித்து விரலால் சுண்டிப் பார்த்தாள். பிறகு சின்னக் கத்தியால் முடியைச் சுற்றி வட்டமாகக் கீறி, போத்தல் மூடி கழற்றுகிற மாதிரி அதை எடுத்தாள். உள்ளே வெள்ளைச் சவ்வு அறை அறையாகப் பிரிந்திருந்தது. எங்கெங்கே சவ்வு போகிறதோ அந்த வழியாகவே வெளித்தோலை மேலிருந்து கீழே கீறினாள். கத்தி ஒரு முத்திலும் படவில்லை. கத்தியை வைத்துவிட்டு இரண்டு பெருவிரலையும் நடுவில் கொடுத்து விரிக்க, பழம் ஆறு துண்டாகப் பிரிந்து நின்றது. சட்டியில் தண்ணீர் விட்டு அதற்குள் உதிர்த்தால் சவ்வு மிதக்கும், முத்து அடியில் கிடக்கும், வேலை சுகம் என்று நான் வருசாவருசம் சொல்லுவேன். தண்ணி பாதி இனிப்பைக் குடிச்சுப்போடும் என்று அவளும் வருசாவருசம் சொல்லுவாள். அன்றும் இருவரும் சொல்லிக்கொண்டோம். அகப்பையால் தட்டி உதிர்க்கிறவர்களைப் பற்றி அவள் இரண்டு வார்த்தை சொன்னாள். அது என் மருமகளைப் பற்றியது. துண்டைக் கவிழ்த்துப் பிடித்துப் பெருவிரலால் மெல்லத் தள்ள, முத்துகள் வெள்ளைக் கோப்பைக்குள் பொல பொலவென்று விழுந்தன. ஒரு சிட்டிகை மிளகுத்தூள். உப்பு அதிலும் குறைவாக.

முதல் கரண்டி வாயில் வெடித்து இனிக்கும்போது தலையை நிமிர்த்தினேன். எதிரே குசினி யன்னல். யன்னலுக்கு வெளியே, தகரத் தாழ்வாரத்துக்குக் கீழே, என் கல்லிலிருந்து எந்தக் காலத்திலும் தெரியாத ஒரு கிளை பதிந்து கிடந்தது. அதில் ஒரு பை. மற்றப் பைகளைவிடப் பெரிது. 'கதீஜா' என்று எழுதியிருந்தது. றிம்ஷாவின் உருண்டை எழுத்து இல்லை. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு உயரத்தில் நின்றது.

நான் பார்த்ததை றஹீமா பார்த்தாள். கச்சான் படாத கிளை, அதில்தான் எப்போதும் பெரிய பழம் வரும் என்றாள். கதீஜா போகப் போவதைப் பெருநாளைக்கு வந்தவர்கள் சொல்லித் தனக்குத் தெரியும் என்றாள். எனக்கு மூன்று நாளுக்கு முன் தெரிந்த செய்தி அவளுக்கு இரண்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது.

"நானே எழுதினனான். பேத்தியிட்டச் சொல்ல வெக்கமாயிருந்தது. புதன்கிழமைக்கு முதல் வருவா, என்ன?"

வருவா என்றேன். றஹீமா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பேனை பிடித்து நான் கண்டதே இல்லை. வாயிலிருந்த முத்துகளை மென்றுகொண்டே இருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். நான் பிழையாச் சொல்லிப்போட்டன், நீங்கள் ஒருக்காப் போன் எடுங்கோ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? நடக்காததைக்கூட நாலு வீட்டுக்குச் சொல்லுகிற வாய் இது. ஆனால் நான் கோப்பையைக் காலி செய்தேன், துணியில் ஒன்றும் சிந்தவில்லை என்று காட்டினேன், எழும்பினேன். அவள் கை கழுவப் போன நேரம் யன்னலால் அந்தப் பையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். றஹீமாவுக்குத் தெரியாமல் நானே எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று ஒரு எண்ணம்.

வீட்டுக்கு வந்து கதீஜாவுக்கு எடுத்தேன். உங்கள் பெயர் இருக்கிறது, மரத்தில் பாதிதான் எனக்குத் தெரியும், மறுபக்கத்தில் இருந்ததை நான் காணவில்லை என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"புதன்கிழமை பத்துப் பேர் வாசிச்சனீங்கள். சனிக்கிழமை பதினொண்டாப் போச்சோ? ராத்தா வீட்டுப் பானைக்குள்ள என்ன கறி கிடக்கெண்டு மதிலால பாத்துச் சொல்லுற ஆள் நீங்கள். ஒரு பை தெரியேல்லையோ, அக்கா?"

படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. ஐந்து நிமிசம் கழித்து அவளுடைய குரல் பதிவாகி வந்தது. கோபமே இல்லாத குரல்.

"இது றிம்ஷாட எழுத்தில்லை. ராத்தா பேனை தொடமாட்டா, எனக்குத் தெரியாதோ. மனம் பொறுக்காமல் நீங்கள் எழுதிக் கட்டியிருக்கிறீங்கள். நல்ல மனம்தான், அக்கா. ஆனா எனக்கு வேண்டாம்."

அந்தப் பதிவை நாலு தரம் போட்டுக் கேட்டேன். பிழையாகச் சொன்னதை அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினாள். சரியாகச் சொன்னபோது நம்பவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

நடந்ததை அன்ரனிக்குச் சொன்னேன். "போய் றஹீமாவிட்டச் சொல்லு. அவ ஒரு சொல்லுக் கதைச்சா முடிஞ்சுது" என்றார். ஓம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சொல்லுகிறது என்று இருந்தேன். பூசை முடிந்தது. திங்கட்கிழமை முழங்கால் நோவு. செவ்வாய்க்கிழமை, அவர்கள் அக்காவும் தங்கச்சியும், இடையில் நான் யார் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் எல்லார் விசயத்திலும் இடையில் நிற்கிற எனக்கு அந்தக் கேள்வி வந்தது அன்றைக்குத்தான். கல்லில் ஏறவும் இல்லை. ஈர உடுப்பை அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டேன். வீடெல்லாம் புழுங்கல் மணம். முசலி பஸ் வருகிற நேரங்களில் பக்கத்து வீட்டுப் படலை திறக்கிற சத்தம் கேட்கும். கொஞ்சநேரம் கழித்து மூடுகிற சத்தமும் கேட்கும்.

புதன்கிழமை பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த கையோடு, மீராசாஹிபு வந்து படலையில் நின்று என்னை வரச் சொன்னார். "பழம் வெடிச்சு மூண்டு நாள். எறும்பு மொய்க்குது, பிடுங்குவம் எண்டால் விடமாட்டன் எண்டு நிண்டவ. இப்பதான் பிடுங்கினவ" என்றார்.

குசினியில் பாய் போட்டிருந்தது, வெள்ளைத் துணி விரித்திருந்தது. றஹீமா பையோடு பழத்தை மடியில் வைத்திருந்தாள். பையின் அடி சிவந்து ஊறியிருந்தது. எனக்கு முன்னால்தான் முடிச்சை அவிழ்த்தாள். பழம் குறுக்கே வாய் பிளந்திருந்தது. கத்தி தேவைப்படவில்லை. பிளவுக்குள் விரலைக் கொடுத்து அவள் துண்டாக்கத் தொடங்கினாள். பழுதான முத்துகளை ஒரு பக்கம், நல்லவற்றை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டாள். நான் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள நம்பித்தான் கட்டினனான், இமெல்டா."

எனக்கு விளங்கவில்லை.

"என்னால போன் எடுத்து வாவெண்டு சொல்ல ஏலாது. வாய் வராது. பிள்ளையளிட்டச் சொன்னா மூத்தவ இறங்கிப் போனா எண்டு சிரிப்பாங்கள். குசினிக்குள்ள இருத்தினா நீங்கள் காண்பீங்கள், கண்டால் அண்டைக்கே அவவுக்குச் சொல்லிப்போடுவீங்கள் எண்டு நினைச்சன். நான் சொல்லச் சொன்னதாயும் இருக்காது. எங்கட வீட்டில நடந்தது ஒண்டை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கிறீங்களோ? இதை மட்டும் ஏன் சொல்லேல்லை?"

நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டாள். முப்பது வருசமாக என் வாயைப் பற்றி அவள் என்ன நினைத்திருக்கிறாள் என்று நான் பலவாறாக யோசித்ததுண்டு. அதை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்திருப்பாள் என்று யோசித்ததில்லை.

"சொன்னனான், றஹீமா. அவவின்ர பேர் இல்லையெண்டு சொன்னனான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் ஏறி வாசித்தது, பல்லு முளைக்காத பிள்ளை என்று கூட்டியது, மூன்று வீட்டில் தேத்தண்ணி குடித்தது, படம் எடுத்தது, நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது. மீராசாஹிபு பாதியிலேயே வெளியே போய்விட்டார். றஹீமா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லது. அவள் கை மட்டும் நின்றுபோயிருந்தது. பெருவிரலில் சாறு வழிந்து மணிக்கட்டு வரை வந்தது.

"அவ கேட்டவவோ?"

"கேட்டவ."

"அவவாக் கேட்டவவோ, நீங்களாச் சொன்னீங்களோ?"

"அவவாத்தான் கேட்டவ."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஐந்து வருசத்துக்குப் பிறகு அந்த இலக்கத்தை அழுத்தினாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொல்லியது. விமானத்தில் ஏறியிருப்பாள். கத்தாரில் இறங்கின பிறகு எடுக்கலாம் என்று வெளியிலிருந்தே மீராசாஹிபு சொன்னார். எடுத்து என்னத்தைச் சொல்லுறது, வந்து தின் எண்டோ என்று றஹீமா கேட்டாள்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்னெண்டு கேட்டவ? அவ கேட்ட மாதிரியே சொல்லுங்கோ."

என் முழங்காலைக் கேட்டதிலிருந்து தொடங்கினேன். சீனி வருத்தம், மகளுக்குப் பிள்ளை, வீட்டுத் திறப்பு, பிறகு ராத்தாவின் மாதுளை. இடையில் பேசாமல் இருந்த நேரத்தையும், அந்தக் கோழிச் சத்தத்தையும் விடாமல் சொன்னேன். கூட்டுவதற்கு நாக்கு வரவில்லை. முடிந்ததும் இன்னொருக்காச் சொல்லுங்கோ என்றாள். சொன்னேன். மெதுவாச் சொல்லுங்கோ என்றாள்.

மூன்றாம் தரம் சொல்லும்போது, பை கட்டியாச்சு என்று நான் கதீஜாவுக்குச் சொன்ன இடத்துக்கு வந்தேன். அதற்கு அடுத்த கேள்வியை, தங்கச்சியின் குரலிலேயே, றஹீமாதான் கேட்டாள்.

"ஆர் ஆற்ற பேர் கிடக்கு?"